வைரஸ் எந்த வழியாக வந்தது? மாட்டு நோயின் தடம் பிடிக்கும் மரபணு வரிசை

மாடுகளுக்குத் தொற்று பரவுகிறது என்றால் கொழும்பில் இருக்கும் நமக்கு அது பெரும்பாலும் இறைச்சிக் கடையில்தான் தெரியவரும். வரத்து இல்லை, விலை கூடிவிட்டது, எந்த மாகாணத்திலிருந்தோ மாடு ஏற்றத் தடையாம் என்று கடைக்காரர் சொல்வார். 2023 இல் வடமேல் மாகாணத்தில் தோல் கழலை நோய் பரவியபோதும் அப்படித்தான் கேள்விப்பட்டோம், சில வாரம் பேசினோம், அப்புறம் மறந்துவிட்டோம். ஆனால் தடையை எந்த எல்லையில் போடுவது, எத்தனை நாளுக்குப் போடுவது, கையில் இருக்கும் தடுப்பூசியை எந்த மாவட்டத்துக்கு முதலில் அனுப்புவது என்பதெல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். இந்த வைரஸ் வெளியிலிருந்து புதிதாக வந்ததா, இல்லை இங்கேயே ஏதோ ஒரு பட்டியில் தங்கியிருந்து மறுபடி கிளம்பியதா?

இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. வெளியிலிருந்து வந்ததென்றால் துறைமுகத்தையும் கரையோரத்தையும் விலங்கு இறக்குமதியையும் பார்க்க வேண்டும். உள்ளேயே இருந்ததென்றால் எந்தப் பகுதியில் ஊசி போடாமல் விட்டோம், எந்தப் பாதையில் மாடுகள் கைமாறுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைச் செய்தால் காசும் போகும், காலமும் போகும், நோய் அப்படியே இருக்கும். மாட்டைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது என்பதுதான் சிக்கல். உதாரணமாக, காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் அதே கொப்புளம்தான், அதே வாயொழுகல்தான், அதே நொண்டல்தான். சாதாரணப் பி.சி.ஆர். பரிசோதனையும் "ஆம், இது கால்வாய் நோய்" என்பதோடு நின்றுவிடும். வைரஸ் வந்த வழியைச் சொல்வது அதன் மரபணு வரிசை மட்டும்தான்.

எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கால்வாய் நோய் வைரசின் மரபணுத் தொகுதி ஒரே ஒரு ஆர்.என்.ஏ. இழை, சுமார் 8,300 எழுத்துகள். எழுத்து என்பது அந்த இழையில் கோர்த்திருக்கும் நாலு வகை வேதிப்பொருள்களில் ஒன்று, அவை நிற்கும் ஒழுங்குதான் மரபணு வரிசை. மாட்டின் உடலுக்குள் அது கோடிக்கணக்கில் தன்னைப் படியெடுக்கிறது, படியெடுக்கும்போது பிழை விடுகிறது, விட்ட பிழையைத் திருத்தும் வசதி அதனிடம் இல்லை. ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில் ஒருவர் விட்ட பிழை அவர் ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லோருடைய ஏட்டிலும் தொடர்ந்து வரும். பதிப்பாசிரியர்கள் பிழைகளை ஒப்பிட்டே எந்தச் சுவடி எந்தச் சுவடியின் வழிவந்தது என்று கண்டுபிடித்தார்கள். வைரசிலும் செய்வது அதேதான். இரண்டு மாடுகளின் வைரசில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருந்தால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அதிகம், மாற்றங்கள் வேறு வேறாக இருந்தால் அவை பிரிந்து நாளாகிவிட்டது. பிழை விழும் வேகமும் ஓரளவு நிலையானது. முழு வரிசையையும் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 5 நாளைக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் மாறுகிறது, ஆகவே வழியை மட்டுமல்லாமல் காலத்தையும் குத்துமதிப்பாகச் சொல்லலாம்.

முன்பு முழு வரிசையையும் வழக்கமாக யாரும் வாசிக்கவில்லை. விபி1 என்ற ஒரு புரதத்துக்கான பகுதி, அறுநூற்றுச் சொச்சம் எழுத்துகள், அதை மட்டும்தான் வாசித்தார்கள். எந்த நாட்டுக் கிளை, எந்த வட்டாரம் என்று தெரிந்துகொள்ள அது போதும், இன்றும் உலகம் முழுக்க ஆய்வுகூடங்கள் அதைத்தான் முதலில் பார்க்கின்றன. ஆனால் எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனது என்று கேட்டால் அந்த அறுநூறு எழுத்தில் பதில் இருக்காது, அவ்வளவு குறுகிய காலத்தில் அங்கே ஒரு மாற்றம்கூட விழாமல் இருக்கலாம். முழுத் தொகுதியையும் வாசித்தால்தான் பண்ணை மட்டத்துக்கு இறங்கலாம்.

இதை உலகம் கண்கூடாகப் பார்த்தது 2007 இல், இங்கிலாந்தில். ஆறு வருடத்துக்கு முன்னர்தான் அங்கே கால்வாய் நோய் பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று தீர்த்திருந்தார்கள், அந்தக் காயம் ஆறவில்லை. 2007 ஓகஸ்ட் 3 ஆம் தேதி சரே பகுதியில் ஒரு பண்ணையில் மறுபடி நோய் உறுதியானது. வைரசை வாசித்தபோது அது 1967 இல் பிரிட்டனில் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பழைய ஆய்வுகூட வகைக்கு மிக நெருக்கமாக இருந்தது. நாற்பது வருடம் வெளியில் உலவிய வைரஸ் இவ்வளவு மாறாமல் இருக்கவே முடியாது. சில கிலோமீற்றர் தள்ளி பிர்பிரைட் என்ற இடத்தில் ஒரு ஆய்வு நிறுவனமும் ஒரு தடுப்பூசி நிறுவனமும் ஒரே வளாகத்தில் இருந்தன, இரண்டும் அந்த வகையைக் கையாண்டன, வளாகத்தின் கழிவுநீர்க் குழாய்கள் பழுதாகியிருந்தன. வைரஸ் வெளியேறிய இடம் அந்த வளாகம்தான் என்றாகிவிட்டது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. ஓகஸ்டில் இரண்டு பண்ணையோடு அடங்கிவிட்டது என்று நினைத்திருக்க, செப்டம்பரில் பல கிலோமீற்றர் தள்ளி மறுபடி கிளம்பியது. ஆய்வுகூடத்திலிருந்து இரண்டாவது தடவை கசிந்ததா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். வரிசையைப் பார்த்தவர்கள் இல்லை என்றார்கள். செப்டம்பர் வைரஸ் ஓகஸ்ட் வைரசின் வழிவந்தது, ஆனால் நேரடியாக வந்திருந்தால் இவ்வளவு எழுத்து மாறியிருக்காது, நடுவில் யார் கண்ணிலும் படாத ஒரு பண்ணை இருந்தாக வேண்டும் என்றார்கள். இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே போனபோது அப்படி ஒரு பண்ணை அகப்பட்டது. அங்கே மாடுகளுக்கு நோய் வந்து, யாருக்கும் தெரியாமலே ஆறியும் போயிருந்தது. யாரும் எடுத்திராத ஒரு மாதிரியின் இருப்பை மற்ற மாதிரிகளின் எழுத்துகளை வைத்தே சொல்ல முடிந்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, இங்கிலாந்தில் நடந்ததை இங்கே அப்படியே எதிர்பார்க்கலாமா? முடியாது, அதற்குக் காரணம் உண்டு. அங்கே எட்டுப் பண்ணை, எட்டிலும் மாதிரி எடுத்தாயிற்று. இங்கே மட்டக்களப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்போகம் விதைக்கும் காலத்தில் வயல் பக்கம் மாடு நிற்க முடியாது, பட்டிகளை மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப் போவார்கள். மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் பல பேருடைய பட்டிகள் ஒரே புல்லில் மேய்ந்து ஒரே தண்ணீரில் வாய் வைக்கும், அறுவடை முடிந்தால் வெவ்வேறு ஊருக்குத் திரும்பும். யாருடைய மாடு என்பதற்குக் குறி சுட்டிருப்பார்கள், அது களவைத் தடுக்க உதவும், வைரசுக்கு வேலி ஆகாது. இப்படிக் கலந்த இடத்தில் பத்து மாட்டில் மாதிரி எடுத்து வாசித்தாலும் இந்தப் பட்டியிலிருந்து அந்தப் பட்டிக்கு என்று அம்புக்குறி போட முடியாது. நடுவில் மாதிரி எடுக்காத நூறு மாடு இருக்கும். வரிசை சொல்வது உறவைத்தான், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு யாராவது ஒரு பட்டிக்காரரைக் காட்டி "இவரால்தான் வந்தது" என்று மரபணுவின் பெயரால் குற்றம் சாட்டுவார்கள், அது நடக்கக் கூடாது.

இங்கே வரிசையால் தீர்க்கமாகச் சொல்லக்கூடியது அதைவிடப் பெரிய கேள்வி, நான் முதலில் கேட்டது. தீவு என்பதால் அந்தக் கேள்விக்கு இங்கே கூடுதல் கூர்மை இருக்கிறது. 2013, 2014 இல் நாட்டில் பல மாவட்டங்களைக் கால்வாய் நோய் ஆட்டிவைத்தபோது எடுத்த மாதிரிகள் ஓ வகையில் இந்த்-2001டி என்ற கிளையைச் சேர்ந்தவை. பெயரிலேயே இருக்கிறது, அந்தக் கிளை 2001 இல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட பரம்பரை. அதே ஆண்டுகளில் அதே கிளை லிபியாவிலும் சவூதியிலும் தலைகாட்டியது, பிறகு அல்ஜீரியா, துனீசியா, லாவோஸ், வியட்நாம் என்று போனது. ஆக, அந்தத் தடவை நம் தீவில் கண்டது ஏதோ உள்ளூர் விவகாரம் அல்ல, ஒரு பெரிய பெயர்ச்சியின் ஒரு கிளை. எந்தக் கிளை என்று தெரிந்தால் இன்னொரு பயனும் உண்டு. கால்வாய் நோயில் மொத்தம் ஏழு வகை, அதிலும் சி வகை 2004 க்குப் பிறகு எங்கும் காணப்படவில்லை. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகைக்கு வேலை செய்யாது, ஒரே வகைக்குள்ளும் கிளைக்குக் கிளை பாதுகாப்பு கூடும் குறையும். எதிரே நிற்கும் கிளை எது என்று தெரியாமல் ஊசி போடுவது இருக்கும் ஊசியை வீணாக்கும் வழி.

வரிசை இல்லாத காலத்திலும் தடம் பிடித்தார்கள்தான். 1987 இல், மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோய், நாற்பது வருடம் இல்லாதிருந்துவிட்டு இலங்கைக்குத் திரும்பி வந்தது. இந்திய அமைதிப்படையின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்ததாக விசாரித்து அறிந்தார்கள். கப்பல், திகதி, எந்த இடத்தில் எந்த விலங்கு முதலில் செத்தது என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்த கதை அது. போர் நடந்த மண்ணில் மாட்டு வைத்தியம் செய்த அந்த மனிதர்களை நினைத்தால் மரியாதை கூடுகிறது. வெக்கை நோய் 2011 இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது. ஆனால் கேட்டறிந்து தடம் பிடிக்கும் அந்த வேலை இன்னும் ஒழியவில்லை, ஒழியவும் கூடாது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தோல் கழலை நோயின் கதை முற்றிலும் வேறு. 2020 இல் வடக்கில்தான் அது நம் நாட்டில் முதலில் தென்பட்டது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாகத் தோல் வீங்கி, காய்ச்சலும் வந்து, பால் வற்றிப்போன மாட்டைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. 2022 இல் இந்தியாவில் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தொடங்கிய பெரும்பரவலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. இந்த வைரஸ் டி.என்.ஏ. வகை, சுமார் 1,51,000 எழுத்துகள், படியெடுக்கும்போது பிழை மிகக் குறைவு. கால்வாய் நோயில் 5 நாளைக்கு ஒரு எழுத்து மாறும் என்றேன், இங்கே பல மாதம் கழித்து எடுத்த மாதிரிகூட முன்னதைப் போலவே இருக்கும். ஆகவே இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு என்று சொல்வது மிகக் கடினம், அதுவும் நுளம்பும் ஈயும் உண்ணியும் பரப்பும் நோய் வேறு. ஒரு சின்னத் துண்டை மட்டும் வாசித்துவிட்டு "எல்லாம் ஒன்றுதான்" என்று முடிவெடுத்தால் ஏமாந்து போவோம்.

எப்படி ஏமாறுவோம் என்பதற்கு நல்ல உதாரணம் 2017 இல் ரஷ்யாவின் சரத்தோவ் பகுதியில் கிடைத்தது. அங்கே எடுத்த வைரசின் முழு வரிசையைப் பார்த்தால் சில பகுதிகள் வெளியில் உலவும் வைரசைப் போலவும், சில பகுதிகள் உயிருள்ள தடுப்பூசியில், அதாவது நலிவாக்கிய வைரசையே கொண்ட ஊசியில், இருக்கும் வைரசைப் போலவும் இருந்தன, இரண்டும் கலந்த ஒன்று. அதன் பிறகு சீனா, வியட்நாம், தாய்லாந்து என்று கிழக்கே பரவியவையும் இப்படிக் கலந்தவையே. எங்கே கலந்தது என்று தேடிப் போனவர்கள், மத்திய ஆசியாவில் பயன்படுத்தப்பட்ட ஒரு தடுப்பூசியின் குப்பியையே வாசித்தார்கள். ஒரே ஒரு வைரஸ் இருக்க வேண்டிய குப்பியில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன, அவை கலந்து பிறந்தவையும் இருந்தன. 2022 இல் அது ஆய்வாக வெளிவந்தது. தென்னாசியாவில் 2019 இல் வந்ததோ வேறு குடும்பம், கென்யாவின் பழைய கிளைக்கு நெருக்கமானது. ஒரே நோய், ஒரே ஆண்டுகள், இரண்டு பிறப்பு.

இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசியே வேண்டாம் என்று போய்விடக் கூடாது. தரமான ஊசிதான் தென்கிழக்கு ஐரோப்பாவில் 2016 க்குப் பிறகு இந்த நோயை அடக்கியது. நான் சொல்ல வருவது வேறு. உயிருள்ள ஊசி போட்ட சில மாடுகளில் ஒன்றிரண்டு வாரத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வரும், சில நாளில் போய்விடும். அதைப் பார்த்த பட்டிக்காரர் "ஊசி போட்டதால்தான் நோய் வந்தது" என்று பக்கத்துப் பட்டிக்காரருக்குச் சொல்வார், அடுத்த வருடம் அந்த ஊரே ஊசி வேண்டாம் என்று நிற்கும். அந்தக் கட்டியில் இருப்பது ஊசி வைரசா, உலவும் வைரசா என்று வரிசையைப் பார்த்தோ அதற்கென்றே உள்ள பி.சி.ஆர். செய்தோ சொல்லிவிடலாம். சொல்லி, அந்தப் பதிலை அந்த மனிதரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு ஊரின் நம்பிக்கை தங்கும். கண்டுபிடிப்பு ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிட்டால் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம், ஏனென்றால் பணமும் கருவியும் நிறைய இருக்கும் நாட்டிலும் எது இல்லாமல் போனது என்று அங்கே தெரிந்தது. 2024 மார்ச் 25 ஆம் தேதி டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களின் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் இருப்பதாக அறிவித்தார்கள். பால் குறைந்து, சீம்பால் போலத் தடித்து மஞ்சளாக வந்தது, பண்ணைப் பூனைகள் செத்தன. வரிசைகளைச் சேர்த்துப் பார்த்த விஞ்ஞானிகள், பறவையிலிருந்து மாட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் தாவியிருக்கிறது, அதுவும் 2023 இன் கடைசியிலோ 2024 இன் தொடக்கத்திலோ நடந்திருக்கிறது என்று கணித்தார்கள். அதாவது அறிவிப்புக்கு முன்பே சில மாதம் அது மாட்டுக்கு மாடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, லொறியில் ஏற்றிய மாடுகளோடு மாநிலம் விட்டு மாநிலம் போயிருக்கிறது. பறவைகள் மறுபடி மறுபடி கொண்டுவந்து கொட்டியிருந்தால் மாட்டு லொறிகளை நிறுத்தி என்ன பயன்? ஒரே தாவல் என்று தெரிந்ததால்தான் ஏப்ரல் கடைசியில் மாநில எல்லை தாண்டும் கறவை மாடுகளுக்குப் பரிசோதனை கட்டாயம் என்ற உத்தரவுக்குப் பொருள் இருந்தது. 2025 தொடக்கத்தில் நெவாடாவில் வேறொரு பறவை வகை மாட்டில் அகப்பட்டபோது, இது பழையதன் தொடர்ச்சி அல்ல, இன்னொரு தாவல் என்று உடனே சொல்ல முடிந்ததும் வரிசையால்தான்.

ஆனால் 2024 ஏப்ரலில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் 239 வரிசைகளைப் பொதுவில் ஏற்றியபோது அவற்றில் எந்த மாநிலம், எந்த நாள் என்று போடவில்லை. நாடு அமெரிக்கா, ஆண்டு 2024, அவ்வளவுதான். உலகம் முழுக்கக் காத்திருந்த ஆய்வாளர்கள் கையில் எழுத்து இருக்கிறது, இடமும் காலமும் இல்லை. உறவுமுறையை வரையலாம், வழியை வரைய முடியாது. மாதிரிக் குப்பியின் மேல் ஒட்டும் அந்தச் சின்னச் சீட்டு, உள்ளே இருக்கும் திசு அளவுக்கே முக்கியம். இதை எல்லா நாடும் கவனிக்க வேண்டும், நம்மைப் போன்ற நாடுகள் இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

நம்மிடம் வாசிக்கும் திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கொவிட் காலத்தில் நுகேகொடப் பக்கம் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் வாரத்துக்கு வாரம் வரிசை வாசித்து நாட்டுக்குச் சொன்னது, 2021 ஜூனில் தெமட்டகொடையில் டெல்டா சமூகத்துக்குள் வந்துவிட்டது என்று அறிவித்ததும் அவர்கள்தான். கால்நடைப் பக்கம் பேராதனையில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், கன்னொருவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், பொல்கொல்லையில் விலங்கு வைரஸ் ஆய்வுகூடம், பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கி மடிக்கணினியில் செருகும் வாசிப்புக் கருவிகளும் வந்தாயிற்று. என் கருத்தில் தடை கருவியில் இல்லை. மாதிரியில் இருக்கிறது.

மாதிரி எப்படி எடுப்பார்கள் என்று பார்த்தால் இது புரியும். கொப்புளம் உடையாமல் இருக்கும்போதோ, உடைந்த அன்றோ மறுநாளோ, கால்நடை வைத்தியர் மாட்டின் வாயைத் திறந்து நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, கழன்று தொங்கும் அந்த வெள்ளைத் தோலைக் கத்தரித்து எடுக்க வேண்டும், குறைந்தது ஒரு கிராம். வலியில் இருக்கும் மாடு சும்மா நிற்காது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதைக் கிளிசரின் கலந்த கரைசலில் போட வேண்டும், புளிப்புத் தன்மை கொஞ்சம் ஏறினாலும் வைரஸ் சிதைந்துவிடும் என்பதால் அந்தக் கரைசல் சரியாக இருக்க வேண்டும். பிறகு குளிரில் வைத்து, வாகரையிலிருந்தோ கிரானிலிருந்தோ மலை ஏறிப் பேராதனைக்கு வர வேண்டும். நாலு நாள் பிந்திப் போனால் வாய் ஆறத் தொடங்கிவிடும், தோலும் கிடைக்காது, பிறகு தொண்டைக்குள் கருவி விட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எல்லாமே பட்டிக்காரர் எத்தனையாவது நாளில் தகவல் சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

அவர் ஏன் பிந்துகிறார்? சொன்னால் ஊருக்கே மாடு ஏற்றத் தடை வரும், பால் சேகரிப்பவர் வரமாட்டார், இறைச்சிக்கு மாடு வாங்கும் வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார், அக்கம்பக்கத்தில் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி இரண்டு மூன்று வாரத்தில் பெரிய மாடுகள் தேறிவிடும், கன்றுகள் சில போகும். அவருடைய கணக்கில் சொல்லாமல் இருப்பதே லாபம், அந்தக் கணக்கைத் தப்பு என்று கொழும்பில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்ல முடியாது. கணக்கை மாற்ற வேண்டும். முதல் இரண்டு நாளுக்குள் தகவல் சொல்பவரின் கன்றுகளுக்கு மருத்துவம் இலவசம், தடைக்காலத்தில் பாலுக்கு ஏதாவது ஈடு, முடிவு வந்ததும் அவர் கைபேசிக்குத் தமிழில் ஒரு செய்தி. வாசிப்புக் கருவி வாங்க ஒதுக்கும் காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் கருவிக்கு வேலை இருக்கும்.

முன்னர் விட்ட இடத்துக்கு வருகிறேன், கேட்டறிந்து தடம் பிடிப்பது. குருநாகலில் எடுத்த மாதிரியும் பொலன்னறுவையில் எடுத்த மாதிரியும் இரண்டு மூன்று எழுத்து வித்தியாசத்தில் நிற்கின்றன என்று ஆய்வுகூடம் சொன்னால், அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் அந்த வாரம் எந்த லொறி போனது என்று யாராவது பார்க்க வேண்டும். மாடு ஏற்ற அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள்தான், அதில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் இருக்கும். அந்த விவரமும் மாட்டின் காதுத்தோட்டு இலக்கமும் மாதிரிக் குப்பியின் சீட்டும் ஒரே இடத்தில், ஒரே வடிவில், தேடி எடுக்கக்கூடிய விதத்தில் பதிவாக வேண்டும். அனுமதி இல்லாமல் இரவில் போகும் லொறிகள் அந்தப் பதிவில் வராது, உண்மைதான். ஆனால் பதிவில் உள்ள எந்தப் பயணத்தாலும் விளக்க முடியாத ஒரு உறவு இரண்டு ஊர் வைரசுகளுக்கு நடுவில் தெரிந்தால், பதிவில் வராத பாதை ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள், சோதனைச் சாவடியை எந்த வீதியில் போடலாம் என்று அதை வைத்தே முடிவெடுக்கலாம்.